ஆயில் நின்றால் பிளேடு எந்தப் பக்கம் திரும்பும்?

செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தின் மெக்காலி நிறுவனப் புரொப்பல்லருக்கு மாடல் எண் 7660 என்று முடியும். 76 என்பது விட்டம், 60 என்பது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். காற்று மரக்கட்டை மாதிரி கெட்டியாக இருந்து, புரொப்பல்லர் அதில் திருகாணியாக இறங்கினால் ஒரு சுற்றுக்கு 60 அங்குலம், அதாவது 1.52 மீட்டர் உள்ளே போகும். நிமிடத்துக்கு 2700 சுற்று என்றால் நொடிக்கு 45 சுற்று, 68.6 மீட்டர். அது 133 நாட், அதாவது மணிக்கு 133 கடல் மைல். கடல் மட்டத்தில் அந்த விமானம் முழு வேகத்தில் போனால் 126 நாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். கணக்குக்கும் நிஜத்துக்கும் உள்ள அந்த இடைவெளியில்தான் இழுவிசை பிறக்கிறது. இடைவெளி சுத்தமாக இல்லாமல் போனால் பிளேடு காற்றைத் தள்ளாமல் சும்மா அறுத்துக்கொண்டு போகும்.

பிளேடு ஏன் முறுக்கியிருக்கிறது என்பதும் இதே கணக்கில் வந்துவிடும். நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளியுள்ள இடம் ஒரு சுற்றில் 1.88 மீட்டர்தான் ஓடுகிறது. நுனி 6.06 மீட்டர் ஓடுகிறது. இரண்டும் ஒரே 1.52 மீட்டர் முன்னேற வேண்டுமானால் உள்பக்கம் சுமார் 39 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், நுனி 14 டிகிரி போதும். அதனால் 'பிளேடு கோணம்' என்று பொதுவாகச் சொன்னால் அர்த்தம் இல்லை. எந்த இடத்தில் அளந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கையேடுகள் பெரும்பாலும் நடுவிலிருந்து 30 அங்குலத்தில் அளந்த கோணத்தைக் கொடுக்கும். இங்கே நான் ஆரத்தின் முக்கால் பங்கில் உள்ள இடத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே கோணம் 18.5 டிகிரி.

விமானம் ஓடுபாதையில் நிற்கிறது, முன்வேகம் சுழியம். பிளேடு சந்திக்கும் காற்று சுழலும் திசையிலிருந்து மட்டும் வருகிறது. ஆகவே தாக்கு கோணம், அதாவது பிளேடுக்கும் எதிரே வரும் காற்றுக்கும் இடையிலான கோணம், முழுசாக 18.5 டிகிரி. புரொப்பல்லர் தானே காற்றை உள்ளே இழுப்பதால் உண்மையில் கொஞ்சம் குறையும். 60 நாட்டில் 2400 சுற்றில் ஏறும்போது முன்வேகம் அதில் 9.6 டிகிரியைத் தின்றுவிடும், மிச்சம் சுமார் 9. 120 நாட்டில் 2700 சுற்றில் 16.8 டிகிரி போய்விடும், மிச்சம் 1.7 டிகிரி. நின்ற இடத்தில் மூச்சு முட்டும் அதே பிளேடு, வேகம் எடுத்ததும் வேலையில்லாமல் சுற்றுகிறது.

இதன் விளைவு பைலட்டுக்கு நேரே தெரியும். 172எஸ்-இல் நின்றபடி த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் 2300, 2400 சுற்றுக்கு மேல் வராது. 180 குதிரைத்திறன் என்பது 2700 சுற்றில்தான். ஆக, சக்தி மிக அதிகமாகத் தேவைப்படும் அந்த முதல் சில நூறு மீட்டரில்தான் இன்ஜின் தன் முழுச் சக்தியைக் கொடுப்பதில்லை. பிட்ச்சைக் குறைத்து 'ஏறுவதற்கான' புரொப்பல்லர் போட்டால் ஓடுபாதையில் நன்றாக இழுக்கும், ஆனால் மட்டமாகப் பறக்கும்போது சுற்று சிவப்புக் கோட்டை, அதாவது அனுமதித்த உச்சத்தை, தாண்டப் பார்க்கும். கூட்டினால் நேர் எதிர். பிளேடுகள் பொருந்தியிருக்கும் நடுக்குடமான ஹப்புக்குள் பிளேடு திரும்பினால் ஒழிய இதற்கு வழி கிடையாது.

திரும்ப வைப்பது பெரிய விஷயமில்லை. யார், எப்போது, எவ்வளவு திருப்புவது என்பதில்தான் முதல் பத்து, பதினைந்து வருடங்கள் போயின. 1934-இல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்ன் வரை நடந்த போட்டியில் வென்ற டி ஹாவிலண்ட் காமெட் விமானத்தில் பிரான்சின் ராட்டியே புரொப்பல்லர் இருந்தது. புறப்படுவதற்கு முன் ஹப்புக்குள் இருக்கும் காற்றுப்பையை சைக்கிள் பம்பால் அடித்து நிரப்புவார்கள். பிளேடு சிறு கோணத்துக்குப் போகும். வானத்தில் வேகம் வந்ததும் மூக்கில் உள்ள ஒரு தட்டைக் காற்று அழுத்தும், பையில் இருக்கும் காற்று வெளியேறும், பிளேடு பெரிய கோணத்துக்கு மாறிவிடும். திரும்பிச் சிறு கோணத்துக்கு வர வழியே கிடையாது. தரையிறங்கி மறுபடி பம்பு அடிக்க வேண்டும். இறங்கும்போது ஏதோ சரியில்லை என்று மேலே ஏற நினைத்தால், பெரிய கோணத்தோடுதான் ஏற வேண்டும். சிரிப்பாக இருக்கும், ஆனால் போட்டியில் ஜெயித்தது அதுதான்.

அமெரிக்காவில் ஹாமில்டன் ஸ்டாண்டர்டின் ஃபிராங்க் கால்டுவெல் ஆயில் அழுத்தத்தையும் எதிர் எடைகளையும் வைத்து இரண்டு நிலைப் புரொப்பல்லர் செய்தார். கடல் மட்டத்திலிருந்து 6000 அடிக்கு மேல் இருக்கும் ஷயான் போன்ற இடங்களிலிருந்து எழும்பத் தடுமாறிய போயிங் 247-க்கு அது உயிர் கொடுத்தது. விமானத்துறைச் சாதனைக்கான 1933-ஆம் ஆண்டு காலியர் கோப்பையும் கிடைத்தது. பிரிட்டனில் ஹீல்-ஷாவும் பீச்சமும் 1924-லேயே சுற்று வேகத்தைத் தானே நிலைநிறுத்தும் ஹைட்ராலிக் புரொப்பல்லருக்கு, அதாவது நிலைவேகப் புரொப்பல்லருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். அதை யாரும் அவசரமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1940 கோடையில், பிரிட்டன் வான்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களில் நிலைவேகப் புரொப்பல்லரைக் களத்திலேயே மாற்றி மாட்ட வேண்டி வந்தது.

கவர்னர்

கிணற்றடியில் டீசல் பம்புசெட் பார்த்தவர்களுக்கு கவர்னர் புதிதில்லை. இரண்டு எடைகள் சுற்றும். வேகம் கூடினால் வெளியே விரியும், குறைந்தால் உள்ளே சுருங்கும். ஒரு ஸ்பிரிங் அவற்றை எதிர்த்து அழுத்தும். பம்புசெட்டில் அந்த அசைவு டீசலைக் கூட்டிக் குறைக்கிறது. புரொப்பல்லர் கவர்னர் எரிபொருளைத் தொடுவதே இல்லை; இன்ஜின் சுமக்கும் பாரத்தை மாற்றுகிறது. சுற்று கூடினால் பிளேடைப் பெரிய கோணத்துக்குத் திருப்பி அதிகக் காற்றைக் கடிக்க வைக்கிறது, இன்ஜின் திணறி வேகம் இறங்குகிறது. சுற்று குறைந்தால் கோணத்தைக் குறைத்துப் பாரத்தை இறக்கிவிடுகிறது. காக்பிட்டில் இருக்கும் நீல லீவர் பிளேடு கோணத்தைக் கேட்பதில்லை, 'இத்தனை சுற்று வேண்டும்' என்று கேட்கிறது. 'கியர் மாதிரி' என்று சொல்லிக்கொடுப்பவர்கள் பாதி வழியில் மாணவனைக் குழப்பிவிடுகிறார்கள். கியரில் கை வைப்பது நீங்கள். இங்கே கியரை மாற்றுவது கவர்னர்; நீங்கள் சொல்வது வேகத்தை மட்டும்.

கவர்னரைக் கழற்றிப் பார்த்தால் கையடக்கம்தான். அடியில் ஒரு கியர் பம்பு. இன்ஜினிலிருந்து வரும் ஆயிலின் அழுத்தம் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு) அளவில் இருக்கும். இந்த பம்பு அதை 300 பிஎஸ்ஐ பக்கம் ஏற்றும். அதிகமானால் ரிலீஃப் வால்வு திருப்பி விடும். நடுவில் பேனா தடிமனில் ஒரு பைலட் வால்வு. அதன் தலையில் 'ட' வடிவ எடைகள் இரண்டு, அதற்கு மேல் ஸ்பீடர் ஸ்பிரிங். லீவரை முன்னால் தள்ளினால் ஸ்பிரிங் இறுகும். அதை எதிர்த்து எடைகள் விரிய அதிகச் சுற்று வேண்டும். பின்னால் இழுத்தால் தளரும். வேகம் சரியாக இருக்கும்போது வால்வில் உள்ள பட்டை, ஹப்புக்குப் போகும் துளையைச் சரியாக மூடி நிற்கும். எடை விரிந்தால் வால்வு மேலே ஏறும், சுருங்கினால் கீழே வரும். துளை ஒரு பக்கம் திறந்தால் ஆயில் ஹப்புக்குப் போகும், மறுபக்கம் திறந்தால் ஹப்பிலிருந்து இன்ஜினுக்குத் திரும்பும். ஆயில் கிராங்க்ஷாஃப்டின் குடைந்த முன்பகுதி வழியாக ஹப்பை அடைகிறது. அங்கே ஒரு பிஸ்டன் முன்னும் பின்னும் நகர, பிளேடு வேரில் மையம் விலகி நீட்டிக்கொண்டிருக்கும் குமிழை அது தள்ளி பிளேடைத் திருப்பும்.

பிளேடு வேர் சாதாரண பேரிங்கில் உட்கார்ந்திருக்கவில்லை. 8 கிலோ எடை, எடைமையம் 40 செ.மீ. தொலைவில் என்று வைத்து 2400 சுற்றுக்குக் கணக்குப் போடுங்கள்: ஒரு பிளேடு ஹப்பை வெளியே இழுக்கும் விசை 20 டன். அந்த இழுப்பில் இருந்துகொண்டுதான் அது ஒரு டிகிரி, அரை டிகிரி என்று திரும்ப வேண்டும். நின்றிருக்கும் விமானத்தில் பிளேடு நுனியைப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் ஆடுகிறதே என்று பயப்படுவார்கள். புரொப்பல்லர் செய்யும் ஹார்ட்ஸெல் நிறுவனத்தின் கையேடு முன்பின்னாக மொத்தம் 3 மி.மீ. வரை அனுமதிக்கிறது. சுழலத் தொடங்கியதும் அந்த 20 டன் எல்லாவற்றையும் இறுக்கி உட்கார வைத்துவிடும்.

இப்போது தலைப்புக் கேள்வி. சுழலும் பிளேடைச் சும்மா விட்டால் அது தட்டையாகப் படுக்கத்தான் பார்க்கும். அதன் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் உள்ள எடை, சுழலும் தளத்துக்கே வந்துவிடத் துடிக்கும். அதாவது சிறு கோணம், ஃபைன் பிட்ச். இதோடு ஹப்புக்குள் ஒரு ஸ்பிரிங்கும் அதே பக்கம் தள்ளினால், ஆயிலின் வேலை எதிர்ப்பக்கம், அதாவது பெரிய கோணமான கோர்ஸ் பிட்ச் பக்கம் தள்ளுவது. செஸ்னா 182 போன்ற ஒற்றை இன்ஜின் விமானங்கள் இந்த வகை. ஆயில் போனால் பிளேடு ஃபைனுக்கு ஓடும். சுற்று எகிறும், ஆனால் இழுவிசை இருக்கும். த்ராட்டிலைக் குறைத்து, மூக்கை லேசாகத் தூக்கி வேகத்தைக் குறைத்தால் சுற்று கட்டுக்குள் வரும். இன்ஜினிலேயே ஆயில் இல்லை என்றால் அது வேறு கதை. அப்போது வயலைத் தேட வேண்டியதுதான்.

இரட்டை இன்ஜின் விமானத்தில் இது ஆபத்து. ஒரு இன்ஜின் செத்து, அதன் பிளேடுகள் ஃபைனில் நின்று காற்றில் சுற்றினால், கிட்டத்தட்ட அந்த விட்டத்துக்கு ஒரு தட்டை இறக்கையில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இழுக்கும். ஆகவே பிளேடு வேரில் எதிர் எடைகளை மாட்டுகிறார்கள். பிளேடின் தட்டைப் பரப்புக்குச் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் இவையும் சுழலும் தளத்துக்கு வரத்தான் பார்க்கும். வந்தால் பிளேடு கோர்ஸுக்குத் திரும்பும். கூடவே ஹப்புக்குள் அடைத்த நைட்ரஜனோ ஸ்பிரிங்கோ அதே பக்கம் தள்ளும். ஆயில் மட்டும்தான் அதை ஃபைன் பக்கம் பிடித்து வைத்திருக்கிறது. ஆயில் போனால் பிளேடு 80 டிகிரிக்கு மேல் திரும்பி, காற்றுக்கு விளிம்பைக் காட்டி நின்றுவிடும். துடுப்பை நீருக்கு மேலே எடுத்து முன்னால் கொண்டுபோகும்போது படுக்க வைப்பதைப் படகோட்டிகள் ஃபெதர் என்பார்கள். பெயர் அங்கிருந்து வந்தது.

மூன்றாவது ஒரு கூட்டமும் உண்டு. சாகச விமானங்கள் ஒற்றை இன்ஜின்தான், ஆனால் தலைகீழாகப் பறக்கும்போது ஆயில் அழுத்தம் கணநேரம் விழலாம். பிளேடு ஃபைனுக்குப் போய்ச் சுற்று எகிறினால் இன்ஜின் தாங்காது. எனவே அவற்றில் எதிர் எடை மாட்டி, ஆயில் போனால் கோர்ஸுக்குப் போகும்படி வைக்கிறார்கள்.

இந்த வகைகளின் கவர்னர்கள் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே துளைகள் நேர் எதிராக இருக்கும். பாகத்தின் எண்ணைப் பார்க்காமல் 'அதே கவர்னர்தான்' என்று மாட்டக் கூடாது.

காக்பிட்டில்

இன்ஜின் சூடானதும், பெரும்பாலான விமானங்களில் 1700, 1800 சுற்றில் வைத்து, நீல லீவரைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளுவார்கள், இரண்டு மூன்று தடவை. சுற்று 200, 300 குறைந்ததும் திருப்பித் தள்ளிவிட வேண்டும். அதற்குமேல் இழுத்துப் பார்ப்பதில் லாபம் ஒன்றும் இல்லை, இன்ஜினுக்குத்தான் சுமை. பார்க்க வேண்டியவை மூன்று: சுற்று இறங்க வேண்டும், மேனிஃபோல்டு அழுத்தம் (இன்ஜின் உறிஞ்சும் காற்றின் அழுத்தம், பாதரச அங்குலத்தில் அளப்பது) லேசாக ஏற வேண்டும், ஆயில் அழுத்தம் சற்றே அசைந்து திரும்ப வேண்டும். முதல் தடவை மந்தமாகவும் அடுத்த தடவை சுறுசுறுப்பாகவும் இருப்பது சகஜம். ஹப்புக்குள் இருந்த குளிர்ந்த ஆயில் வெளியே போய்ச் சூடான ஆயில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். குளிர்காலத்தில் இதற்காகவே செய்கிறோம்.

புறப்படும்போது லீவர் முழுக்க முன்னால். 182டி-யில் 230 குதிரைத்திறனும் 2400 சுற்றில் கிடைக்கும். ஏறியபின் மேனிஃபோல்டு அழுத்தத்தை 23 அங்குலமாகக் குறைத்து, மட்டப் பறப்பில் சுற்றை 2300, 2200 என்று இறக்குவார்கள். சக்தியைக் கூட்டும்போது முதலில் நீல லீவர், பிறகு த்ராட்டில். குறைக்கும்போது முதலில் த்ராட்டில், பிறகு நீல லீவர். காரணம், குறைந்த சுற்றில் அதிக மேனிஃபோல்டு அழுத்தம் இருந்தால் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் எல்லை மீறும், எரிபொருள் வெடித்துத் தட்டும். அதற்காக 'அங்குலம் ஒருபோதும் நூற்றுக்கணக்கிலான சுற்றைத் தாண்டக் கூடாது' என்று மனப்பாடம் செய்வதும் சரியில்லை. கையேட்டின் சக்தி அட்டவணையில் 23 அங்குலத்துக்கு 2100 சுற்று இருந்தால் தாராளமாக வைக்கலாம். அட்டவணைதான் சட்டம்.

நிலைவேகப் புரொப்பல்லரில் சுற்றுமானி பொய் சொல்லாது, ஆனால் பாதி உண்மையைத்தான் சொல்லும். கார்புரேட்டரில் பனி பிடித்தால் 172-இல் சுற்று குறையும், உடனே கண்ணில் படும். 182-இன் பழைய கார்புரேட்டர் மாடல்களில் கவர்னர் பிளேடைக் குறைத்துச் சுற்றை அப்படியே வைத்திருக்கும். மேனிஃபோல்டு அழுத்தம் மட்டும் மெல்ல மெல்ல இறங்கும். புதிதாக மாறி வருபவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள்.

இறங்கும்போது வேகமும் சக்தியும் குறையக் குறைய கவர்னர் பிளேடைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் ஃபைன் பிட்ச் தடையில் முட்டும். அதன்பின் அது நிலைப்பிட்ச் புரொப்பல்லர்தான். த்ராட்டிலைக் குறைத்தால் சுற்றும் குறையும். அந்த நிலையில் நீல லீவரை முன்னால் தள்ளினால் சத்தமே மாறாது. அதற்கு முன்பே, 2300-இல் ஓடும்போதே தள்ளினால் இன்ஜின் வீரிடும், கீழே உள்ளவர்கள் திட்டுவார்கள். தள்ளாமலே விட்டுவிட்டு, இறங்காமல் மேலே ஏற நேர்ந்தால் முழுச் சக்தி கிடைக்காது. ஒற்றை இன்ஜின் நின்றுபோய் மிதந்து இறங்க வேண்டியிருந்தால், ஆயில் அழுத்தம் இருக்கும்வரை லீவரை முழுக்கப் பின்னால் இழுத்தால் பிளேடு கோர்ஸுக்குப் போய் இழுப்பு குறையும், கூடுதல் தூரம் கிடைக்கும்.

கெட்டுப்போவது எப்படி

பட்டறையில் அடிக்கடி வரும் புகார்: 'தரையில் முழு த்ராட்டில் கொடுத்தும் 2400 வரவில்லை, கவர்னரைச் சரிசெய்யுங்கள்.' திருப்புளியை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. முழு த்ராட்டிலில் நிறுத்தி நீல லீவரை மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். இழுத்த உடனே சுற்று குறைந்தால் கவர்னர்தான் கட்டிப் பிடித்திருக்கிறது. அதன் உயர்சுற்றுத் தடைத் திருகைச் சரிசெய்யலாம், ஒரு முழுத் திருப்புக்கு ஏறத்தாழ 25 சுற்று மாறும். லீவர் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் குறைகிறது என்றால் கவர்னர் இன்னும் வேலைக்கே வரவில்லை. பிளேடு ஃபைன் தடையில் நிற்கிறது. தடை தவறான கோணத்தில் இருக்கலாம், அல்லது இன்ஜினுக்கே தெம்பு இல்லை. அங்கே கவர்னர் திருகைத் திருகினால் தரையில் ஒன்றும் மாறாது, வானத்தில் சிவப்புக் கோட்டைத் தாண்டும். பல விமானங்களில் நின்ற இடத்தில் 50 சுற்று குறைவாகக் காட்டி, ஓடத் தொடங்கியதும் 2400-ஐ எட்டிப் பிடிப்பது இயல்பே.

சுற்று மேலும் கீழுமாக ஊசலாடினால் ஹப்பில் காற்று சிக்கியிருக்கலாம். சில தடவை லீவரை இழுத்துத் தள்ளினால் போய்விடும். போகவில்லை என்றால் பைலட் வால்வில் கசடு ஒட்டியிருக்கலாம், கேபிள் இறுகியிருக்கலாம். கவர்னருக்கும் இன்ஜினுக்கும் இடையில் போடும் கேஸ்கெட்டில் மெல்லிய வலை ஒன்று இருக்கும். அதன் மேடான பக்கம் கவர்னரைப் பார்த்து இருக்க வேண்டும். ஹப்பைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறோம், இந்தச் சின்ன வலையில் உலோகத் தூள் மின்னினால் மொத்த இன்ஜினையும் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கும்.

கசிவைப் பார்க்கும்போது நிறத்தைப் பாருங்கள். பல மெக்காலி ஹப்புகளுக்குள் சிவப்புச் சாயம் கலந்த ஆயில் நிரப்பப்பட்டிருக்கும். கறுப்போ பழுப்போ பிளேடில் வழிந்திருந்தால் இன்ஜின் ஆயில், ஏதோ ஓரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கிறது. சிவப்பாக இருந்தால் ஹப்பிலோ பிளேடு வேரிலோ விரிசல் இருக்கலாம். விமானம் அன்று பறக்காது, பேச்சே இல்லை.

ஹார்ட்ஸெல் வகைகளில் கிரீஸ். ஒவ்வொரு பிளேடுக்கும் இரண்டு நிப்பிள். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதில் அடிக்க வேண்டும். எதிர்த் துளையில் கிரீஸ் எட்டிப் பார்த்தால் நிறுத்திவிட வேண்டும். பார்க்காவிட்டாலும் 30 மில்லிக்கு மேல் அடிக்கக் கூடாது. 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை, அல்லது வருடத்துக்கு ஒரு தடவை. இரண்டு நிப்பிளையும் கழற்றாமல் வைத்துக்கொண்டு 'நிறைய அடித்தால் நல்லது' என்று அடிப்பவர்கள் சீலைப் பிதுக்கிவிடுவார்கள். அடுத்த பறப்பில் கிரீஸ் பிளேடு நெடுகக் கோடு போட்டுக் கண்ணாடியில் தெறிக்கும்.

முன்விளிம்பில் கல் பட்ட சிறு வெட்டு அலட்சியப்படுத்தக் கூடியதில்லை. அலுமினியத்தில் சுழற்சி அழுத்தம் அந்த வெட்டின் மூலையில் குவிந்து விரிசலாக வளரும். நுனி பிய்ந்து போனால், எதிர்ப் பிளேடின் சமநிலையற்ற இழுப்பு இன்ஜினையே மவுண்டிலிருந்து பிடுங்கும். வட்ட அரத்தால் வெட்டின் அடிவரை ராவி, ஆழத்தைப் போலப் பத்து மடங்கு நீளத்துக்குச் சரிவாக இழைத்துவிட்டு, உப்புத்தாளால் அரக் கோடுகள் போகும்வரை தேய்க்க வேண்டும். 1 மி.மீ. ஆழ வெட்டென்றால் 10 மி.மீ. நீளச் சரிவு. அதற்குமேல் கையேட்டின் வரம்பைப் பார்க்க வேண்டும்.

நைட்ரஜன் அடைத்த ஃபெதரிங் ஹப்பில் அழுத்தம் குறைந்தால் லீவருக்குப் பதில் மந்தமாகும், ஃபெதர் ஆகத் தாமதமாகும், சுற்று எல்லை மீறலாம். கூடினால் முழுச் சுற்று வராது. அன்றைய வெப்பநிலைக்கு எவ்வளவு என்பதை அட்டவணையைப் பார்த்தே அடைக்க வேண்டும். இந்த வகையில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. தரையில் இன்ஜினை அணைத்தாலும் ஆயில் அழுத்தம் போகும். ஒவ்வொரு தடவையும் ஃபெதராகிவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்வது கடினம். அதனால் மாடலைப் பொறுத்து 800, 1000 சுற்றுக்குக் கீழே போனதும் ஸ்பிரிங் ஊசிகள் உள்ளே விழுந்து பிளேடைப் பூட்டிவிடும். வானத்தில் செத்த இன்ஜினை ஃபெதர் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்து, சுற்று அதற்குக் கீழே போய்விட்டால், பிறகு எவ்வளவு இழுத்தாலும் ஃபெதர் ஆகாது.

பெரிய புரொப்பல்லர்கள்

டர்பைன் இன்ஜின் புரொப்பல்லரைச் சுற்றும் டர்போபிராப்பில் ஆயில், பிஸ்டன், எதிர் எடை எல்லாம் அதேதான். கூடுதலாக வருவது இரண்டு: ஃபைன் தடைக்கும் கீழே போய் பிளேடைப் பின்னோக்கித் தள்ள வைக்கும் பீட்டா நிலை, இன்ஜின் செத்தால் கை வைக்காமலே ஃபெதர் செய்யும் ஏற்பாடு. இரண்டும் உயிர்காக்கும், இரண்டும் உயிரை வாங்கியும் இருக்கின்றன.

தரையிறங்கியபின் நிறுத்த உதவும் பீட்டா வானத்தில் வந்துவிட்டால் இரண்டு புரொப்பல்லரும் தடுப்புச் சுவராகிவிடும். 2002 நவம்பர் 6-இல் லக்ஸம்பர்க் அருகே விழுந்த ஃபாக்கர் 50-இல் அதுதான் நடந்தது, 22 பேரில் 20 பேர் இறந்தார்கள். 1991 ஏப்ரலில் அமெரிக்காவின் பிரன்ஸ்விக்கில் எம்பிரேயர் 120 ஒன்று 23 பேரோடு விழுந்தது. அங்கே பைலட் எதையும் தப்பாகத் தொடவில்லை. பிட்ச் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்த ஒரு சிறிய தண்டின் பற்கள், அதோடு இணையும் குழாயின் கடினமான, சொரசொரப்பான பூச்சில் உரசித் தேய்ந்துபோயின. பிடிமானம் போனதும் பிளேடு பறப்பில் போகக் கூடாத கோணத்துக்குப் போய்விட்டது.

இரட்டை டர்போபிராப் பயணிகள் விமானமான ஏடிஆர் 72-இல் புறப்படும்போது ஒரு இன்ஜினின் முறுக்குவிசை 18 சதவீதத்துக்குக் கீழே விழுந்தால், கணினி மறு இன்ஜினுக்குச் சக்தியைக் கூட்டி, இரண்டு நொடி சொச்சத்தில் செத்ததை ஃபெதர் செய்துவிடும். 2015 பிப்ரவரி 4-இல் தைபேயில் அந்த மின்னணு ஏற்பாட்டிலேயே கோளாறு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது இன்ஜினின் புரொப்பல்லர் ஃபெதர் ஆனது. பைலட்டோ இடது இன்ஜினை அணைத்துவிட்டார். 43 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரி 15-இல் நேபாளத்தின் பொக்ராவில் விழுந்த ஏடிஆர் 72-500-இல் கோளாறே கிடையாது. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பை 30 டிகிரிக்கு இறக்கச் சொன்னபோது, பக்கத்து பைலட்டின் கை புரொப்பல்லரைக் கட்டுப்படுத்தும் இரண்டு கண்டிஷன் லீவர்களையும் ஃபெதருக்குத் தள்ளிவிட்டது. இன்ஜின்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தன, இழுவிசை மட்டும் இல்லை. 72 பேரும் இறந்தார்கள்.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஏடிஆர் 72-600-இல் போகிறவர்கள் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் பிளேடுகளைக் கவனியுங்கள். 3.93 மீட்டர் விட்டம், ஆறு பிளேடு, புறப்படும்போது 1200 சுற்று, மட்டப் பறப்பில் அதில் 82 சதவீதம். ஏறி முடித்ததும் சத்தம் தணிவது இதனால்தான். நிறுத்தி வைத்த ஏடிஆரின் பிளேடுகள் எல்லாம் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியிருக்கும். சில நேரம் வலது பக்கத்திலிருந்து இன்ஜின் இரைச்சல் வரும், புரொப்பல்லர் மட்டும் அசையாது. இந்த விமானத்தில் தனியாக ஒரு சிறு துணை இன்ஜின் கிடையாது. அதனால் புரொப்பல்லரைப் பிரேக் போட்டுப் பிடித்துக்கொண்டு, வலது இன்ஜினையே மின்சாரத்துக்கும் ஏசிக்கும் ஓட்டுகிறார்கள். இதற்கு ஹோட்டல் மோடு என்று பெயர். அப்போதும் பிளேடுகள் ஃபெதரில்தான் நிற்கும்.